காலி மூட்டை

மென்பொருள் மூட்டை ஊருக்குக் காலியாகப் போய்விட்டது.

இன்னொரு தடவை இப்படி ஆனால், மூட்டையை அனுப்பும் நிரலை எழுதியவர்கள் அதை மொத்தமாகவே அழித்துவிடுவார்கள். அந்த நிரலில் மூட்டை கட்டும் கட்டளைக்குப் பெயர் கட்டு. அது, கோப்புகளைக் கொண்டுவரும் கட்டளையான நகலிடம் போனது.

“நகலண்ணே, உள்ளே ஒண்ணும் வைக்கலையா?”

“கோப்பைக் காணோம்னு கத்தினேனே, செவிடா நீ?”

“கேட்டுச்சு. ஆனா யாரும் நிறுத்தலையே. என் முறை வந்துச்சு, கட்டினேன்.”

“வெறுங்காத்தையா?”

“இறுக்கமாத்தான் கட்டினேன்,” என்றது கட்டு, ஒன்றும் புரியாமல்.

மறுநாளும் கோப்பைக் காணோம். நகல் கத்தியது. கட்டு பழக்கதோஷத்தில் கயிற்றை எடுத்தது. கயிறு அசையவில்லை. இழுத்துப் பார்த்தது. ம்ஹூம். அன்று காலி மூட்டை போகவில்லை.

கயிற்றின் மறுமுனையைப் பிடித்திருந்தது, நிரலின் முதல் வரியில் புதிதாக வந்து உட்கார்ந்த கட்டளை: ‘தவறினால் நில்’.