மடியேறிய பூனை

கூரை ஓட்டுச் சந்து வழியே இறங்கிய மத்தியான வெயில் சோற்றுத் தட்டின்மேல் விழுகிறது. லாரியை நிறுத்திவிட்டு வந்த காளியண்ணன், வாசல் தொட்டியிலேயே தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே வந்திருக்கிறான். வழிப் புழுதி போல என்று நினைத்துக்கொள்கிறாள் வசந்தாமணி. ஒரு வாய்கூட உண்ணாமல் சோற்றைப் பிசைந்துகொண்டே இருக்கிறான்.

"என்னங்க, ஒரு மாதிரி இருக்கறீங்க?"

"அலுப்பு புள்ள, வேறொண்ணுமில்ல."

அவன்மேல் வீசும் டீசல் வாடைக்கே பரணேறிவிடும் பூனை, இன்று தானாக இறங்கி வருகிறது. தட்டிலிருக்கும் கருவாட்டை மோந்துகூடப் பார்க்காமல், அவன் ஈர மடியில் ஏறிச் சுருண்டுகொள்கிறது. அவள் கையில் குழம்புக் கரண்டி அப்படியே நிற்கிறது. எழவுக்குப் போய் வந்தவர்கள்தான் இப்படி வாசலிலேயே தலைக்கு ஊற்றிக்கொள்வார்கள்.

"ஏனுங்க... யாருங்க?"

பூனையின் முதுகை அவன் தடவிக்கொடுக்கிறான். தட்டை மெதுவாக அவள் பக்கம் நகர்த்துகிறான்.

"மொதல்ல நீ ரெண்டு வாய் உண்ணு, கண்ணு."