பதினோரு மொட்டை

“இந்த போட்டோவுல இருக்கறவங்க வேற, அந்த போட்டோவுல இருக்கறவங்க வேற. யார் காதுல பூ சுத்தறீங்க?”

விஜயராகவன் இரண்டு படங்களையும் மேஜைமேல் போட்டார். டெல்லி கொடுக்கும் மானியம் விதிப்படி செலவாகிறதா என்று பார்க்கச் சென்னையிலிருந்து வந்திருக்கும் அதிகாரி அவர். சந்தேகம் அவருக்குப் பிறவிக்குணம். பெற்ற பிள்ளை நூற்றுக்கு நூறு வாங்கி வந்தாலும், யாரைப் பார்த்து எழுதினாய் என்றுதான் கேட்பார். திருத்தணிக்கு வந்த மூன்று நாளாக, அந்த மானியத்தில் பயிற்சி மையம் நடத்தும் அறக்கட்டளையைப் புரட்டி எடுத்துக்கொண்டிருந்தார்.

“ஒரே ஆளுங்கதான் சார்” என்றாள் வரலட்சுமி. பெண்களுக்கு மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் ‘காயில்’ கட்டக் கற்றுத்தரும் அந்த மையத்தின் பொறுப்பாளர் அவள். “மொட்ட போட்டுகினாங்க. அதான் வித்தியாசமா தெரியுது.”

முதல் மாதப் படத்தில் பதினெட்டுப் பெண்கள், பதினெட்டுப் பின்னல். நான்காம் மாதப் படத்தில் பதினோரு தலைகள் பளபளவென்று மின்னின.

“பதினோரு பேரும் ஒரே நாள்லயா?”

“ஆங் சார். ஒண்ணா மலையேறிப் போயி குடுத்துட்டு வந்தாங்க.”

“திருத்தணியில மொட்டைன்னா எவனும் கேள்வி கேக்க மாட்டான்னு நெனச்சிட்டீங்க. பழைய ஆளுங்க நின்னுட்டாங்க. கூலிக்கு ஆள் புடிச்சு உக்கார வெச்சு, அடையாளம் தெரியாம இருக்கத் தலைய வழிச்சாச்சு. பலே!”

“ஐயய்யோ, அந்த முருகன் சத்தியமா இல்ல சார்!”

“முருகனை ஏன் சாட்சிக்கு இழுக்கறீங்க? விதி என்ன சொல்லுது? பட்டியல்ல பேர் இல்லாத ஆளுக்கு ஒரு டீ வாங்கிக் குடுத்திருந்தாக்கூட அது மானியச் செலவுல சேராது. பஸ் காசு, மதியச் சாப்பாடு, உதவித்தொகை எல்லாத்தையும் வட்டியோட திருப்பிக் கட்டணும்.”

“சார், தறிக் கூலிய வுட்டுட்டு ஆர்.கே.பேட்டைலருந்தும் பள்ளிப்பட்டுலருந்தும் பஸ் ஏறி வந்துகினு இருக்கறவங்க சார் இவங்க. இன்னும் ரெண்டு மாசம் போனா சர்ட்டிபிகேட்டு. சொந்தமா கடை போட்டுடுவாங்க. நீங்க ஒரு வரி எழுதினா சென்டரையே மூடிடுவாங்க சார்.”

இந்த அழுகைக்கெல்லாம் அவர் மசிகிற ஆளா? முதல் பெயரைக் கூப்பிட்டார். கெங்கம்மாள் கையில் செம்புக் கம்பியோடு வந்து நின்றாள். தலையில் விரற்கடை முடி முளைத்திருந்தது. ஆதார் அட்டையை வாங்கிப் பார்த்தார். அந்தப் படம் யார் மாதிரியும் இல்லை. கைரேகை இயந்திரத்தை நீட்டினார். நான்கு முறை விரலை வைத்தாள், நான்கு முறையும் சிவப்பு விளக்குதான் எரிந்தது.

“தறியிலயும் கம்பியிலயும் ரேகை தேஞ்சிபோச்சிங்க” என்றாள்.

“நல்லா தேஞ்சது! சரி, எதுக்கு மொட்டை? என்ன வேண்டுதல்?”

கெங்கம்மாள் வரலட்சுமியைப் பார்த்தாள். வரலட்சுமி மின்விசிறியைப் பார்த்தாள். பின்னால் நின்ற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். விஜயராகவன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வசமாக மாட்டிக்கொண்டார்கள்! நிஜமான வேண்டுதலாக இருந்தால் சொல்வதற்கு என்ன?

“வேண்டுதல வெளிய சொல்லக்கூடாதுங்க சார்” என்று இழுத்தாள் வரலட்சுமி.

“மொட்டை போட்டாச்சுன்னா வேண்டுதல் பலிச்சிடுச்சுன்னுதானே அர்த்தம்? பலிச்சப்புறம் என்ன ரகசியம்? சொல்லலைன்னா போலி ஆட்கள்னு இப்பவே எழுதிடறேன்.” அவர் பேனா மூடியைத் திறந்தார்.

“எழுதாதீங்க சார், சொல்லிடறேன்!” என்றாள் கெங்கம்மாள்.

“கெங்கம்மா, வேணாம்...”

“நீ சும்மா இரு வரலட்சுமி, பொழப்பே போவுது. சார், உங்களுக்கு முன்னாடி ஜெகநாதன்னு ஒரு ஆபீசரு வந்தாருங்க. எதத் தொட்டாலும் சந்தேகம். சாப்பாட்டுல முட்டைக்குக் கணக்கு இருக்குது, முட்டை ஓடு எங்கன்னு கேட்டு, குப்பைத் தொட்டியில கையவுட்டு எண்ணினாருங்க. மூணு மாசம் எங்க காச நிறுத்தி வெச்சாரு. அழுது பாத்தோம், கால்ல வுழுந்து பாத்தோம். அப்புறம்தான் பதினோரு பேரா மலையேறி வேண்டிகினோம். இந்த மனுசன் எங்கனா தூரமா மாத்தலாகிப் போனா முடி குடுக்கறோம்னு. எண்ணி எட்டாம் நாளு போயிட்டாருங்க.”

விஜயராகவன் பேனாவைக் கீழே வைத்தார். முட்டை ஓட்டு விவகாரம் ஜெகநாதனின் முதல் அறிக்கையில் மூன்று பக்கத்துக்கு இருக்கிறது. அன்றைக்கு இங்கே இருந்தவர்களைத் தவிர வெளியாள் யாருக்கும் அது தெரிய நியாயமில்லை. அப்படியானால் இவள் பழைய ஆள்தான். அதுமட்டுமா, ஜெகநாதனைத் திடீரென்று அஸ்ஸாமுக்குத் தூக்கியடித்தது ஏன் என்று அலுவலகத்தில் இன்றுவரை ஒருவருக்கும் புரியவில்லை.

மூன்று நாளில் முதல்முறையாக அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அறிக்கையில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று எழுதப் போனவர், பிறவிக்குணம் விடுமா, கையை நிறுத்தினார். பின்வரிசையில் தடித்த பின்னலில் மல்லிகை வைத்து நின்றவர்களைப் பேனாவால் சுட்டினார்.

“அப்போ மீதி ஏழு பேரு? அவங்களுக்கு மட்டும் சாமி மேல நம்பிக்கை இல்லையா?”

“ஐயோ, இல்லாம என்னங்க சார்?” கெங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். “அவங்க முந்தாநேத்துதான் வேண்டிகினு வந்தாங்க, நீங்க வந்து எறங்கின அன்னிக்கு சாயந்திரம்.”