கோழி எடுத்த முதல் படம்

புதுக் கேமராவோடு கோழி தன் ஒரே குஞ்சைப் படம் பிடிக்கத் தடுமாறிக்கொண்டிருந்தது. மேலே வட்டமிட்ட பருந்து, "அக்கா, புதுசா? நான் சொல்றபடி எடுங்க" என்றது.

"குஞ்சைச் செடி மறைவிலிருந்து வெட்டவெளிக்குக் கொண்டுவாங்க. பக்கத்துல எதுவும் இருக்கக் கூடாது. நீங்க பத்தடி தள்ளிப் போங்க. ஒரு கண்ணை மூடிக்கோங்க."

கோழி அப்படியே செய்தது.

"அம்மா, என் மேல பெரிசா நிழல் விழுது!"

"அசையாம நில்லுடி. நிழல் இருந்தாத்தான் படம் எடுப்பா இருக்குமாம்."

கிளிக்.

படத்தில் பருந்தின் நகங்கள் ஒவ்வொன்றும் தெளிவாக விழுந்திருந்தன. குஞ்சு நின்ற இடத்தில் உட்கார்ந்து, படத்தை நெஞ்சோடு அணைத்துக் கோழி கதறியது.

சத்தம் கேட்டு ஓடிவந்த வாத்து படத்தை எட்டிப் பார்த்தது.

"அடேயப்பா, என்ன தெளிவு! எந்தக் கேமரா அக்கா?"