ஒட்டாத மரங்கள்

“ரெண்டு மரமும் ஒட்டுதில்ல வாப்பா!”

றிபாஸ் சந்தோஷத்தில் மடிக்கணினியையே தூக்கிக் காட்டினான். அஸர் தொழுதுவிட்டு வந்த ஜவுபர், தொப்பியைக் கழற்றாமலே மகனுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டார்.

வெள்ளிக்கிழமை மகள் றிஸ்லாவுக்குக் காவின், கலியாண எழுத்து. மாப்பிள்ளை சாஜித், பொத்துவில் ஊர். சுனாமியில் தாய் தகப்பனைப் பறிகொடுத்து, தகப்பனின் தம்பியான சாச்சாவின் வீட்டில் வளர்ந்த பிள்ளை.

அவனுடைய தாய் என்ன குடி, எந்த வம்சம் என்று யாருக்கும் சரியாகத் தெரியாததுதான் ஜவுபரின் கவலை. தாய்வழியில் ஒரே குடியென்றால் எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கமாட்டார்கள். நல்ல காலம், சாச்சாவின் மகள் நுஸ்ஹா பழைய பத்திரங்களையெல்லாம் துருவி, சாஜித்தின் வம்ச மரத்தை இணையத்தில் ஏற்றியிருந்தாள். றிபாஸும் தங்கள் மரத்தை அங்கே ஏற்றி, இரண்டுக்கும் பொதுவான ஆள் உண்டா என்று தேடவிட்டிருந்தான்.

“ஆறு தலைமுறைக்கு ஒரு ஆளும் பொது இல்ல. அவங்கட குடி வேற, எங்கட குடி வேற.”

“அல்ஹம்துலில்லாஹ்! இனி ஊர் வாய் அடையும்,” என்றார் ஜவுபர்.

“ஒன்ட மரத்துக்குப் பயந்து நான் இன்னும் உடுப்பும் தைக்கக் குடுக்கல்ல காக்கா,” என்றாள் றிஸ்லா கதவடியில் நின்று.

“ஒட்டியிருந்தா அழுதிருப்பாயா, பொத்துவிலுக்கு பஸ் ஏறியிருப்பாயா?”

கையிலிருந்த துவாயைச் சுருட்டி அண்ணன்மேல் எறிந்தாள் அவள்.

தாய் ஸம்ஸியா தேநீரோடு வந்து நின்றாள். திரையில் அவள் பெயருக்குக் கீழே மூன்று வட்டங்கள்: றிபாஸ், அஸ்கி, றிஸ்லா. நடு வட்டம் மட்டும் சாம்பல் நிறம். அஸ்கியைக் கடல் கொண்டுபோனபோது அவனுக்கு எட்டு மாதம்.

இருபத்தொரு வருடமாக ஸம்ஸியாவின் காதில் ஒரு குழந்தை அழுகிறது. சோறு வடிக்கும்போது அழும். தொழுது சலாம் கொடுக்கும்போது அழும். “அஸ்கியா?” என்று ஒருநாள் கேட்டார் ஜவுபர். “இல்ல, அவன் இவ்வளவு சத்தமா அழமாட்டான்,” என்றாள். அதற்குமேல் அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை, பாவம்.

“ஒட்டாத மரத்த இப்ப நானே ஒட்டுறன்,” என்று றிபாஸ், றிஸ்லாவின் வட்டத்திலிருந்து சாஜித்தின் வட்டத்துக்குக் கோடு இழுத்தான். இரண்டு மரங்களும் ஒன்றானதும் அந்தப் பக்கத்துப் படங்களும் திறந்தன.

“இஞ்ச பாருங்க, மாப்புள கைக்குழந்தயா இரிக்கார்! ‘சுனாமிக்கு ஏழாம் நாள், சவளக்கடைப் பள்ளிக்கூட முகாமில் வாப்பா கண்டெடுத்தபோது’ எண்டு நுஸ்ஹா எழுதிரிக்கா.”

றிஸ்லா ஓடிவந்து குனிந்தாள். “அல்லாஹ்வே, தலையில ஒரு முடி இல்ல!”

“பெரிசாக்கு மகன்,” என்றாள் ஸம்ஸியா.

படம் பெரிதானது. குழந்தையைச் சுற்றியிருந்தது ஒரு சேலையின் பாதி. நேராகக் கிழியாமல் கோணலாகப் போயிருந்தது.

“நீயும் அந்த முகாமிலதானே இருந்தாய்? நான் அஸ்கிட ஜனாஸாவத் தேடித் திரிஞ்ச கிழம?” என்று கேட்டார் ஜவுபர்.

“ஓம். இந்தச் சேலையக் கிழிச்சது நான்தான்.”

ஸம்ஸியா தேநீர்த் தட்டைத் தரையில் வைத்துவிட்டு, தானும் அங்கேயே உட்கார்ந்தாள்.

“கத்திக் கத்தி அழுதான். எனக்கு நெஞ்சில பால் கட்டி நோவு. ஆறு நாளும் நான்தான் குடுத்தன். ஏழாம் நாள் கண் முழிச்சாப் புள்ள இல்ல, சொந்தக்காரர் வந்து கொண்டுபோனாங்களாம். அஸ்கிட பால வேற புள்ளைக்குக் குடுத்தன் எண்டு உங்களுக்கிட்டச் சொல்ல எனக்கு வாய் வரல்ல.”

ஜவுபர் மெல்லத் தொப்பியைக் கழற்றினார். றிபாஸின் கை, தான் இழுத்த கோட்டின்மேல் அப்படியே நின்றது.

“அதுக்கென்ன உம்மா? ஒரு உயிரத்தானே காப்பாத்தியிரிக்கீங்க?” றிஸ்லா சிரிக்கப் பார்த்தாள். தெரிந்ததைத் தெரியாததாக்கிவிடலாம் என்று நினைத்தாளோ என்னவோ.

ஸம்ஸியா மகளின் கையைப் பிடித்துப் பக்கத்தில் இருத்தினாள்.

“என்ட பால் குடிச்சவன். மார்க்கத்துல அவன் ஒனக்குக் காக்கா, மகள்.”