குளத்துக்குள் போன ஸ்கூட்டர்

“காலேஜ்ல படிக்கறப்ப உங்க ஸ்கூட்டரைத் தனியா உருட்டிட்டுப் போய்க் குளத்துல தள்ளினது நான்தான் சார். ஓட்டு கேக்க வந்த இடத்துல உங்ககிட்ட மறைக்க மனசு வரல.”

ஓய்வுபெற்ற பிரின்சிபாலின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார் இளம் வேட்பாளர்.

‘அவன் மட்டும் கையில சிக்கட்டும், தோலை உரிக்கறேன்’ என்று இத்தனை வருடமாகக் கறுவிக்கொண்டிருந்த பிரின்சிபால், அவரைத் தூக்கி நிறுத்திக் கட்டிக்கொண்டார்.

“தப்பை ஒத்துக்கிட்டியே, அது போதும்ப்பா. இந்த வீட்டு ஓட்டு மொத்தமும் உனக்குத்தான்.”

பக்கத்து நாற்காலியில் இருந்த மாப்பிள்ளைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேட்பாளரோடு ஒரே வகுப்பில் படித்தவர் அவர். பிரசாரக் கும்பல் தெருமுனை தாண்டும்வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

“நம்பாதீங்க மாமா, சுத்தப் புளுகு! ஓட்டுக்காகச் செய்யாத தப்பையும் செஞ்சேன்னு சொல்றான்.”

“கூடப் படிச்சவன் மேல வர்றானேன்னு வயித்தெரிச்சலா மாப்பிள்ளை? செய்யாத தப்பை எவனாவது வலிய வந்து தலையில போட்டுக்குவானா?”

“தனியா உருட்டினானாமே! உங்க வண்டி ஹேண்டில் பூட்டியில்ல இருந்தது? நாலு பேர் சேர்ந்து தூக்கிட்டுப் போயே எங்களுக்கு இடுப்பு ஒடிஞ்சுபோச்சு!”

சொன்ன பிறகுதான் மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பிரின்சிபால் நிதானமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டினார்.

“ஓட்டு கிடக்கட்டும். எந்திரிச்சு நில்லுடா. மீதி மூணு பேர் யாரு?”