கண்டல் ஊன்றும் கரை

பனிச்சங்கேணி வாவிச் சேற்றில் முழங்கால் புதைய நிற்கிறாள் பாலசுந்தரி. போர் முடிந்து ஒரு வருடமாகிறது. வெளிநாடுகள் சில கூடி சேற்றில் வளரும் இந்தக் கண்டல் காட்டை மறுபடி வளர்க்கின்றன. முருங்கைக்காய்போல் நீண்ட கண்டல் காய்களை ஊர்ப் பெண்கள் சேற்றில் ஊன்றுகிறார்கள். நீரில் பட்ட வெயில் எல்லோர் முகத்திலும் நெளிகிறது. வேலையைப் பார்க்க வந்த, தொப்பி போட்ட வெள்ளைக்காரப் பெண் கரையோர அடிக்கட்டைகளைக் காட்டி ஏதோ கேட்கிறாள். மொழிபெயர்க்க வந்த கேதீசன் குரலைத் தாழ்த்துகிறான். "அக்கா, இந்த மரங்களை ஆர் வெட்டினதெண்டு கேக்கிறா." பாலசுந்தரியின் கண் தானாகவே பாலத்தடி இராணுவக் காவலரணுக்குப் போகிறது. மணல்மூட்டைக்கு மேலே ஒரு தலை இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. போரில் ஊரே இடம்பெயர்ந்து போய்த் திரும்பியபோது, காவலரணின் பார்வையை மறைக்கின்றன என்று மரங்களெல்லாம் வெட்டப்பட்டுக் கிடந்தன. இதைச் சொன்னால் இந்தப் பெண் நாளைக்கும் இங்கே இருப்பாளா? அல்லது இதைக் கேட்டு வெளியே சொல்லத்தான் வந்திருக்கிறாளா? "கடல் கொண்டு போயிட்டெண்டு சொல்லுங்க தம்பி." அருகில் குனிந்திருந்த மகள் விதுசா நிமிர்கிறாள். "சுனாமி அடிக்கக்குள்ள அந்த மரத்தைப் பிடிச்சுத்தானேம்மா நாம தப்பின?" கேதீசன் தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்க்கிறான். பிறகு ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் சொல்கிறான். வெள்ளைக்காரப் பெண் கடலை நோக்கித் தலையை அசைத்து, இரக்கத்தோடு பாலசுந்தரியின் தோளைத் தொடுகிறாள். அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் பாலசுந்தரி குனிந்து ஒரு காயை ஊன்றுகிறாள். அது தலைகீழாய் இறங்குகிறது. விதுசா அதைப் பிடுங்கி, திருப்பி நடுகிறாள்.