பதினெட்டு கிலோ

"ஆத்திரம் வந்தா எப்படிப் பிடிப்பீகளோ, அப்படி இறுக்கிப் பிடிங்க பெரியம்மா."

ஜாஸ்மின் நீட்டிய இரும்புப் பிடியை முத்தாத்தாள் இடது கையில் வாங்கினாள்.

"இடது கைக்காரகளா?"

தலையை மட்டும் ஆட்டினாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்கு எதிர் மண்டபத்தில் மருத்துவ முகாம் போட்டு, அறுபது தாண்டிய பெண்களுக்குச் சதை எவ்வளவு கரைந்திருக்கிறது என்று அளந்துகொண்டிருந்தார்கள். கெண்டைக்காலில் டேப் சுற்றினார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொன்னார்கள். அவளுக்கு வேண்டியது கைக்கணக்கு மட்டும்.

ஒன்பது என்றது மெஷின்.

"எம்புட்டு வேணும் தாயி?"

"பதினெட்டு கிலோவாச்சும் வேணும். அதுக்குக் கீழ போனா கையில பலம் இல்லன்னு அர்த்தம்."

"நான்தான் அடிச்சேன்" என்று அன்று போய் நின்றபோது, ஸ்டேஷனில் ஏட்டு அவள் கையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்துச் சிரித்தார். "இந்தக் கையா அம்மிக்குழவியத் தூக்கி மகன் மண்டையில போட்டுச்சு? அடிச்சது இடது கைன்னு டாக்டர் சொல்லிட்டாரு. உனக்குச் சொம்பு தூக்கவே பலமில்ல. வீட்டுக்குப் போ ஆத்தா."

மருமகள் காளீஸ்வரியை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

இன்று அவளைக் கோர்ட்டுக்குக் கொண்டுவருகிறார்கள். அதற்குள் இந்தக் கைக்குப் பலம் உண்டு என்று படித்தவள் ஒருத்தி சொல்லியாக வேண்டும்.

முத்தாத்தாள் கண்ணை மூடிக்கொண்டு மறுபடி பிடித்தாள்.

சோழபுரத்து வீடு. மகன் சங்கிலிப்பாண்டி காளீஸ்வரியின் கூந்தலை முஷ்டியில் சுற்றிச் சுவரில் மோதுகிறான். சுண்ணாம்பு உதிர்கிறது. சோறு வைத்த கையைப் பிடித்திழுத்து, எரியும் அடுப்பின் மேல் வைத்து அழுத்துகிறான். "ஏட்டி, எனக்கு இந்தக் கையாலயா சோறு போடுற?"

தோல் கருகும் வாடை.

பதிமூன்று.

"போதும் பெரியம்மா, நரம்பு புடைக்குது."

"இன்னொரு தரம்."

குழவி எழும்புகிறது. முதல் அடியில் அவன் முழங்கால் மடங்கி விழுந்தான். "யம்மா" என்று அவளைத்தான் பார்த்தான். அடுத்த அடியில் காதோரம் உள்வாங்கியது. மூன்றாவது அடி விழும்போது அவனிடம் சத்தமே இல்லை. பத்து மாதம் சுமந்து பெற்ற தலை, அம்மியடியில் அரைத்த மிளகாயோடு கிடந்தது.

பல் கிட்டித்தது. நகம் உள்ளங்கையைக் கிழித்து, பிடியில் ரத்தம் ஒழுகியது.

பதினெட்டு.

ஜாஸ்மின் பதறிப் பஞ்சை வைத்து அழுத்தினாள். "உங்களுக்குச் சதை ஒண்ணும் கரையல பெரியம்மா. எம்மாடி, யார நெனச்சுப் பிடிச்சீக?"

"எதிர்த்தாப்புல கோர்ட்டுக்கு வந்து, இதையே ஒரு வார்த்தை சொல்லு தாயி."

ஜாஸ்மினுக்கு ஒன்றும் புரியவில்லை. "மொதல்ல இதக் குடிங்க" என்று டீயை நீட்டினாள்.

முத்தாத்தாளின் வலது கை தானாக நீண்டது.

பாதி வழியில் அதை இழுத்துக்கொண்டாள். ரத்தம் கசியும் இடது கையால் டம்ளரை வாங்கினாள். டம்ளர் சரிந்து, பாதி டீ சேலையில் கொட்டியது. பழகிக்கொள்ள வேண்டும்.

வெளியே போலீஸ் வண்டி வந்து நின்றது. காளீஸ்வரி இறங்கினாள். முகத்தில் விழுந்த முடியை இடது கையால் ஒதுக்கினாள். அந்த உள்ளங்கையில் அடுப்புத் தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது.

முத்தாத்தாள் தன் வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு, ரோட்டைக் கடந்தாள்.